விம்பிள்டன் 1957, பெண்கள் ஒற்றையர்: வாசகர் கேள்வி – பதில்

பழைய விம்பிள்டன் பற்றி எழுதும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆண்டைச் சுற்றித்தான் இருந்தன. 1957-ல் அல்தியா கிப்சன் பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற ஆண்டு அது. ஒன்றோடொன்று ஒட்டிய கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

இறுதிப் போட்டியில் கிப்சன் 6–3, 6–2 என்று டார்லீன் ஹார்டை வென்றார் என்று மட்டும் புத்தகங்களில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களை வைத்து ஆட்டம் எப்படி நடந்தது என்று சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ஓரளவுக்குச் சொல்லலாம். டென்னிஸில் ஒரு கேம் இவர் சர்வ், அடுத்த கேம் அவர் சர்வ் என்று மாறி மாறி வரும். 6–3 என்றால் அந்த செட்டில் கிப்சனுக்கு 6 கேம், ஹார்டுக்கு 3, மொத்தம் 9 கேம். அந்த செட்டை கிப்சன் சர்வ் போட்டுத் தொடங்கியிருந்தால் அவருக்கு 5 சர்வ், ஹார்டுக்கு 4. தன் ஐந்தையும் காப்பாற்றியிருந்தாலும் ஆறாவது கேமுக்கு ஹார்டின் சர்வை ஒரு முறையாவது முறித்திருக்க வேண்டும், அதாவது ஹார்ட் சர்வ் போட்ட ஒரு கேமை வென்றிருக்க வேண்டும். இதுதான் 'பிரேக்'. தொடங்கியவர் ஹார்ட் என்றால் கிப்சனுக்கு 4 சர்வ்தான். அப்போது குறைந்தது இரண்டு பிரேக் தேவை. 6–2-ல் 8 கேம், ஆளுக்கு நான்கு சர்வ். இதில் யார் தொடங்கினாலும் குறைந்தது இரண்டு பிரேக் விழுந்தே ஆக வேண்டும். ஆக, 17 கேம் நடந்த ஆட்டத்தில் ஹார்ட் தன் சர்வை மூன்று முறையாவது பறிகொடுத்திருக்கிறார். புல்தரையில், அதுவும் வலைக்கு ஓடி வந்து ஆடும் ஒருவருக்கு, இது பெரிய சரிவு. சுமார் 50 நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

இதே கணக்கை அரையிறுதிக்கும் போட்டுப் பாருங்கள். கிறிஸ்டீன் ட்ரூமனுக்கு அப்போது 16 வயது, இங்கிலாந்து ரசிகர்களின் செல்லப்பிள்ளை. கிப்சன் அவரை 6–1, 6–1 என்று வென்றார். 6–1 செட்டில் முதலில் சர்வ் போட்டவர் வென்றால் குறைந்தது இரண்டு பிரேக், இரண்டாவதாகப் போட்டவர் வென்றால் குறைந்தது மூன்று. காலிறுதியில் தென்னாப்பிரிக்காவின் சாண்ட்ரா ரெனால்ட்ஸோடு 6–3, 6–4. கடைசி மூன்று ஆட்டங்களையும் சேர்த்தால் 50 கேம். அதில் கிப்சன் விட்டுக்கொடுத்தது 14.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. இங்கே கிடைப்பது 'குறைந்தபட்ச' பிரேக் மட்டும்தான். இருவரும் மாறி மாறிச் சர்வை இழந்த கேம்கள் ஸ்கோரில் தெரியாது. அதனால் 6–3-ஐப் பார்த்துவிட்டு 'ஒரே ஒரு பிரேக்' என்று எழுதிவிடக் கூடாது. பழைய ஆட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

அப்போது எத்தனை பேர் ஆடினார்கள்? சாம்பியனுக்கு 6 ஆட்டம் என்று ஒரு இடத்திலும் 7 ஆட்டம் என்று இன்னொரு இடத்திலும் படித்தேன்.
– வாசகர், சேலம்

இரண்டுமே சரியாக இருக்கலாம். அந்தக் காலத்தில் விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் டிராவில் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல்) 96 பேர். நாக்-அவுட் முறைக்கு 64, 128 போன்ற எண்கள்தான் ஒத்துவரும். 96-க்கு அடுத்தது 128. வித்தியாசம் 32. எனவே 32 பேருக்கு 'பை', அதாவது முதல் சுற்று ஆடாமலே இரண்டாம் சுற்று. மீதி 64 பேர் ஆடி 32 ஆகி, அந்த 32-ம் இந்த 32-ம் சேர்ந்து இரண்டாம் சுற்றில் 64. பை கிடைத்தவர் பட்டம் வெல்ல 6 ஆட்டம், கிடைக்காதவருக்கு 7.

கிப்சனுக்கு பை இருந்தது. அவருடைய முதல் ஆட்டம் இரண்டாம் சுற்றில், ஹங்கேரியின் சுசி கொர்மொட்சியுடன். 6–4, 6–4. முதல் நிலையில் இருந்தவருக்குத் தொடக்கத்திலேயே கிடைத்த நல்ல சோதனை அது.

டிராவைப் படிக்கும்போது சீடிங்கையும், அதாவது வலுவானவர்களுக்குப் போட்டிக்கு முன் தரும் வரிசை எண்ணையும் பாருங்கள். பெண்களுக்கு அப்போது 8 சீடிங்தான். முதல் இடம் கிப்சன், இரண்டாம் இடம் லூயிஸ் பிரவ். முதல் இருவரையும் எதிரெதிர் பாதியில் வைப்பார்கள், இறுதிக்கு முன் மோதிக்கொள்ளாதபடி. ஐந்தாம் இடத்தில் இருந்த ஹார்ட், பிரவின் பக்கம் விழுந்தார். நான்கு முறை சாம்பியனான பிரவைக் காலிறுதியில் 6–2, 6–2 என்று வெளியேற்றினார். அரையிறுதியில் டோரதி நோடை 6–2, 6–3 என்று வென்றார். அதாவது இறுதிக்கு வந்த ஹார்ட் ஏனோதானோ ஆட்டக்காரர் இல்லை. அவரை 6–3, 6–2 என்று தோற்கடித்ததன் எடை இந்த எண்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

1956 சாம்பியன் ஷெர்லி ஃப்ரை 1957-ல் ஆடவில்லையே. அவர் வந்திருந்தால் கிப்சன் ஜெயித்திருப்பாரா? அதிர்ஷ்டம்தானே?
– ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், ஈரோடு

கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஃப்ரை கிப்சனைப் பெரிய போட்டிகளில் மூன்று முறை அடுத்தடுத்து வென்றிருந்தார். 1956 விம்பிள்டன் காலிறுதியில் 4–6, 6–3, 6–4. அதே ஆண்டு அமெரிக்க இறுதியில் 6–3, 6–4. 1957 ஆஸ்திரேலிய இறுதியில் மறுபடியும் அதே 6–3, 6–4. அதன் பிறகு திருமணம் செய்துகொண்டு ஃப்ரை போட்டி டென்னிஸிலிருந்து விலகிவிட்டார். முந்தைய சாம்பியன் நேராக இறுதியில் ஆடும் 'சேலஞ்ச் ரவுண்ட்' முறையும் 1922-லேயே ஒழிந்துவிட்டதால், அவருக்காக யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதிர்ஷ்டம் ஒரு பட்டத்தைத் தரும். நான்கைத் தராது. 1957 விம்பிள்டனுக்குப் பிறகு அதே ஆண்டு அமெரிக்கப் பட்டத்தை பிரவிடம் 6–3, 6–2 என்று வென்றார். 1958 விம்பிள்டன் இறுதியில் ஆஞ்செலா மார்ட்டிமரை 8–6, 6–2. 1958 அமெரிக்க இறுதியில் மறுபடி ஹார்டை, முதல் செட்டை இழந்த பிறகு, 3–6, 6–1, 6–2. இதற்கெல்லாம் முன்பே 1956 பிரெஞ்சுப் பட்டம் கையில் இருந்தது. அதுவும் மார்ட்டிமரிடம்தான், 6–0, 12–10.

கிப்சனை 'விம்பிள்டன் வென்ற முதல் கறுப்பினத்தவர்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுகிறோம். அந்த வரி உண்மை, பெரிய உண்மை. ஆனால் 1957, 1958 இரண்டு ஆண்டும் உலகத்தில் அவரை விட நன்றாக ஆடிய பெண் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. அந்த இரண்டாவது வரியையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பட்டம் வெல்லும்போது அவருக்கு 29 வயது. ஏன் அவ்வளவு தாமதம்?
– வாசகி, தஞ்சாவூர்

உள்ளே விடவில்லை, அதனால்தான் தாமதம். 1927 ஆகஸ்ட் 25-ல் தென் கரோலினாவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தார். கறுப்பினத்தவருக்கென்று இருந்த அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் நடத்திய பெண்கள் பட்டத்தை 1947 முதல் 1956 வரை தொடர்ந்து 10 முறை வென்றவர். ஆனால் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுவதற்கு ஆட வேண்டிய போட்டிகள் வெள்ளையருக்கு மட்டுமான கிளப்களில் நடந்தன. அங்கே அழைப்பு இல்லை. அழைப்பு இல்லாததால் தகுதி இல்லை. பூட்டு இப்படித்தான் போடப்பட்டிருந்தது.

1950 ஜூலையில் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் இதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். அந்த ஆண்டே ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் கிப்சன் ஆடினார். இரண்டாம் சுற்றில் எதிரே அந்த ஆண்டின் விம்பிள்டன் சாம்பியன் பிரவ். 1–6, 6–3, மூன்றாம் செட்டில் 7–6 என்று கிப்சன் முன்னிலை. அந்த நேரம் இடி மின்னலோடு புயல் மழை. மின்னல் தாக்கி அரங்கத்தின் மேலிருந்த கல் கழுகு ஒன்று விழுந்தது. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாள் மூன்று கேமையும் பிரவ் எடுத்து 9–7 என்று முடித்துவிட்டார்.

1951-ல் விம்பிள்டனில் முதல் முறை ஆடினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஏற்றம் இல்லை. நம் கணிப்பில் பெரிய குறை ஆட்டப் பழக்கம்தான். முதல்தர எதிராளிகளோடு வாரா வாரம் ஆடினால்தான் சர்வும் வாலியும் (பந்து தரையில் படுமுன் அடிப்பது) நெருக்கடியில் நிற்கும். அது அவருக்குக் கிடைத்தது 1955 இறுதியில்.

அந்தச் சமயம் கிப்சன் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்கிறார்களே?
– வாசகர், சென்னை–4

வந்தார். அமெரிக்க வெளியுறவுத் துறை நான்கு ஆட்டக்காரர்களை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. கிப்சனோடு கரோல் ஃபேகரோஸ், ஹாமில்டன் ரிச்சர்ட்சன், பாப் பெர்ரி. இந்தியாவில் இங்கிலாந்தின் ஆஞ்செலா பக்ஸ்டன் அறிமுகமானார். பக்ஸ்டன் யூதர். அவருக்கும் சில கிளப் கதவுகள் திறக்கவில்லை. 1956-ல் இருவரும் ஜோடி சேர்ந்து பிரெஞ்சு, விம்பிள்டன் இரட்டையர் பட்டங்களை வென்றார்கள். பயணம் முடிந்தும் கிப்சன் ஊர் திரும்பாமல் ஐரோப்பாவில் போட்டிக்குப் போட்டி ஆடிக்கொண்டே இருந்தார். 1957-க்கான அடித்தளம் அந்த மாதங்கள்தான்.

அதே காலத்தில் நம்மவர்கள் என்றால், 1952 விம்பிள்டன் சிறுமியர் இறுதியில் ரீட்டா தாவர் மூன்று செட் போராடித் தோற்றார். 1954-ல் ராமநாதன் கிருஷ்ணன் சிறுவர் பட்டம் வென்றார்.

டை-பிரேக் இல்லாத காலத்தில் ஒரே நாளில் மூன்று இறுதி ஆட்டம் ஆடினார்கள் என்பது நம்பும்படி இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

நம்பலாம். டை-பிரேக் என்பது சமனில் நிற்கும் செட்டை ஒரே கேமில் முடிக்கும் முறை. அது இல்லாததால் செட்கள் நீண்டன. அப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது என்பதால் சனிக்கிழமையில் எல்லாம் குவியும். உச்சக்கட்டம் 1949 ஜூலை 2. லூயிஸ் பிரவ் ஒற்றையர் இறுதியில் மார்கரெட் டூபான்ட்டை 10–8, 1–6, 10–8 என்று வென்றார். கூட்டினால் 43 கேம். பிறகு அதே டூபான்ட்டோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் இறுதி, 8–6, 7–5. இது 26 கேம். பிறகு ஜான் பிரோம்விச்சோடு கலப்பு இரட்டையர், 9–7, 9–11, 7–5 என்று தோல்வி. இது 48. மொத்தம் 117 கேம், ஒரே நாளில்.

பக்கம் மாறும்போது உட்கார நாற்காலியும் கிடையாது. 1975-ல்தான் வந்தது. அதுவரை நடுவர் நாற்காலிப் பக்கம் நின்றபடியே ஒரு வாய் தண்ணீர், கை துடைக்க ஒரு துண்டு, அடுத்த பக்கம். விம்பிள்டனில் டை-பிரேக் 1971-ல் 8–8-க்கு வந்தது, 1979-ல் 6–6-க்கு இறங்கியது.

1957-ல் கிப்சனும் மூன்று இறுதிகளில் ஆடினார். ஒற்றையர் 17 கேம். இரட்டையர் 6–1, 6–2, அதாவது 15. கலப்பு இரட்டையரில் நீல் ஃப்ரேசரோடு 4–6, 5–7 என்று தோல்வி, 22. மொத்தம் 54. இதில் சுவையான விஷயம், மூன்றிலும் ஹார்ட் இருக்கிறார். ஒற்றையரில் எதிரே, இரட்டையரில் பக்கத்தில், கலப்பு இரட்டையரில் மெர்வின் ரோஸோடு மறுபடியும் எதிரே.

பழைய படச்சுருளில் சர்வ் போடும்போது யாரும் குதிப்பதில்லை. பழக்கமா, விதியா?
– டென்னிஸ் பயிற்சி மாணவர், மதுரை

விதி. 1950-களில் பந்து ராக்கெட்டில் படும்வரை சர்வ் போடுபவரின் ஒரு காலாவது பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோடு) பின்னால் தரையில் இருக்க வேண்டும். காலை எடுத்தால் ஃபுட்-ஃபால்ட், அதாவது கால் பிழை. இப்போது குதித்து அடிப்பவர் கோட்டுக்கு உள்ளேயே இறங்கி ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறார். அன்று கோட்டுக்குப் பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும். பேஸ்லைனிலிருந்து வலைக்கு 39 அடி. வலையிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி. ஆகவே முதல் வாலியை நல்ல இடத்தில் எடுக்க வேண்டுமானால், எதிராளி பந்தைத் திருப்புவதற்குள் சுமார் 18 அடி ஓடிச் சர்வீஸ் கோட்டை எட்ட வேண்டும். கிப்சனின் உயரம் 5 அடி 11 அங்குலம். மேலிருந்து இறங்கும் சர்வ், நீண்ட எட்டு, இரண்டு பக்கமும் எட்டும் கை. அந்த விதிக்குள் இது பெரிய மூலதனம்.

தரையும் அவருக்கு ஏற்றது. 2001-ல் விம்பிள்டன் முழுக்க ரை புல்லுக்கு மாறியது. அதற்கு முன் இருந்த கலப்புப் புல்தரை மென்மையானது. பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் வாரத்தில் புல் தேய்ந்த இடங்களில் எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. பந்து தரையில் படுவதற்கு முன்பே அடித்துவிடுவது புத்திசாலித்தனம். வாலி ஆட்டம் அங்கே செழித்ததற்குக் காரணம் இதுதான்.

படச்சுருளைப் பார்த்துப் பழகுங்கள், ஆனால் சர்வை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். அந்த உடல் அசைவு அந்த விதிக்காக உருவானது.

தாத்தாவின் மர ராக்கெட் ஒன்று, நான்கு திருகு வைத்த மரச் சட்டத்தோடு பரணில் கிடைத்தது. கிப்சன் காலத்து ராக்கெட் இப்படித்தான் இருக்குமா? அதில் ஆடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஆமாம், அந்த வகைதான். தலைப்பகுதியின் பரப்பு 65 முதல் 70 சதுர அங்குலம். இன்றைய ராக்கெட் 95, 100 என்று போகிறது. எடை சுமார் 370 முதல் 400 கிராம். இன்று 300 கிராமைச் சுற்றித்தான். நடுப்பகுதியைத் தவறவிட்டால் கை அதிரும், பந்து செத்துப்போகும்.

அந்தச் சட்டத்துக்குப் பெயர் பிரஸ். மரம் ஈரத்தைக் குடிக்கும், நரம்பின் இழுவிசை தலையை வளைக்கும். இரண்டும் சேர்ந்தால் ராக்கெட் முறுக்கிக்கொள்ளும். முதலில் ராக்கெட்டைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, தலையின் நான்கு பக்கமும் விரலால் மெல்ல அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு விழுந்துவிட்டது. அதை ஆட்டத்துக்கு எடுக்க வேண்டாம், சுவரில் மாட்டலாம்.

ஆடவில்லை என்றால், நரம்பில் ஒன்று அறுந்திருக்கிறதா பாருங்கள். அறுந்திருந்தால் மற்றவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் மறுபக்க இழுவையில் சட்டம் கோணிவிடும். பிரஸ்ஸைத் திரும்பப் போடும்போது எதிர் மூலைத் திருகுகளை ஜோடியாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ராக்கெட் நகராத அளவு போதும். ஒரு திருகை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், வளைவைத் தடுக்க வந்த பிரஸ்ஸே வளைத்துவிடும்.

ஆடத்தான் வேண்டும் என்றால் 40 – 45 பவுண்டு இழுவிசைக்கு மேல் நரம்பு கட்டச் சொல்லாதீர்கள். இன்றைய ராக்கெட்டுக்குப் போடுவது போல 55 கேட்டால், பழைய பசை விட்டுச் சட்டம் விரியும். நாகர்கோவில் ஈரக்காற்றுக்குப் பரண் சரிப்படாது. வெயில் படாத, காற்றோட்டமான அலமாரியில் தொங்கவிடுங்கள்.

பரிசுத் தொகை எவ்வளவு? கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனாரா?
– வாசகர், புதுச்சேரி

தொகை இல்லை. 1968-க்கு முன் விம்பிள்டன் அமெச்சூர் போட்டி, அதாவது பணம் வாங்காமல் ஆடுபவர்களுக்கானது. அந்த ஆண்டுதான் முதல் முறை பணம், பெண்கள் சாம்பியனுக்கு 750 பவுண்டு.

பெண்களுக்கான பரிசு கோப்பை அல்ல, வீனஸ் ரோஸ்வாட்டர் டிஷ் என்ற வெள்ளித் தட்டு. 1864-ல் செய்தது. குறுக்களவு 18.75 அங்குலம். தட்டு கிளப்பிலேயே இருக்கும், வென்றவருக்குச் சிறிய மாதிரி ஒன்று தருவார்கள். 1884 முதல் 1957 வரை வென்றவர்களின் பெயர்கள் தட்டின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இடம் தீர்ந்து, 1958 முதல் வெளிப்புறம். ஆகவே உட்புறத்தின் கடைசிப் பெயரும் கிப்சன், வெளிப்புறத்தின் முதல் பெயரும் கிப்சன்.

1957 ஜூலை 6-ல் தட்டைக் கொடுத்தவர் இரண்டாம் எலிசபெத் ராணி. அரியணை ஏறிய பிறகு அவர் விம்பிள்டனுக்கு வந்தது அதுவே முதல் முறை. ஐந்து நாள் கழித்து, ஜூலை 11-ல் நியூயார்க் கிப்சனுக்கு நகர ஊர்வலம் நடத்தியது.

இரண்டு முறை வென்றவர் 1959-ல் ஏன் ஆடவில்லை?
– வாசகர், யாழ்ப்பாணம்

காசு இல்லாததால். 1958 அமெரிக்கப் பட்டத்துக்குப் பிறகு அமெச்சூர் டென்னிஸை விட்டார். பெண்களுக்கென்று ஒழுங்கான தொழில்முறைச் சுற்று அப்போது கிடையாது. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களுக்கு முன்னால், கரோல் ஃபேகரோஸோடு காட்சி ஆட்டம் ஆடிச் சம்பாதித்தார். பணம் வாங்கிவிட்டால் அமெச்சூர் விதிப்படி விம்பிள்டன் கதவு மூடிவிடும். அந்த விதி 1968-ல் தளர்ந்தபோது அவருக்கு வயது நாற்பது. 1959 பட்டம் பிரேசிலின் மரியா பூனோவுக்குப் போனது. இறுதியில் தோற்றவர் மறுபடியும் டார்லீன் ஹார்ட், 6–4, 6–3.